நாற்று நெட்டுவது பசியால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், ஆடிப் பட்டத்துக்கு வீட்டுக்குள்ளேயே காய்கறி நாற்று வளர்ப்பது பற்றி அரைப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. படம் அழகாக இருந்தது. எழுத்தும் குற்றம் சொல்ல முடியாத எழுத்துத்தான். ஆனால் நாற்று வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்தால் என்ன செய்வது என்ற பெட்டிச் செய்தியில் மூன்று யோசனைகள் இருந்தன. தெற்கு ஜன்னலில் வையுங்கள். அரைக் கரண்டி யூரியாவைக் கரைத்து ஊற்றுங்கள். காற்றுக்குச் சாயாமல் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குச்சி கட்டுங்கள். மூன்றையும் ஒருவர் சொன்னபடியே செய்தால் தட்டில் ஒன்றும் மிஞ்சாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் உடுமலைக்குத் தெற்கே, திருமூர்த்தி மலையைப் பார்த்த பக்கத்தில், நிழல்வலைக் குடில் போட்டுக் குழித்தட்டு நாற்று விற்கிறவள். தக்காளி, மிளகாய், கத்தரி இந்த மூன்றும்தான் முதன்மை. கிணத்துக்கடவு, பொங்கலூர், பல்லடம் வரைக்கும் என் தட்டுகள் போகின்றன. படித்தது பத்தாம் வகுப்பு. வீட்டுக்காரர் இருந்தவரை கணக்கு அவர் கையில், நாற்று என் கையில். இப்போது இரண்டும் என் கையில். நாற்று வாங்க வருகிறவர்கள் என்னிடம் பேசுவதற்கு முன் தட்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பார்ப்பார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லா நாற்றும் பச்சைதான். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தண்டு தெரியும். தண்டு நீண்டு, விதையிலைக்கு (முளைத்ததும் முதலில் விரியும் இரட்டை இலை) கீழே வெள்ளை நூலாக நின்றால், "ஏனுங்க அக்கா, இது தக்காளியா, வெங்காயத் தாளா?" என்று கேட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்துவிடுவார்கள். அதனால் நாற்று ஏன் நெட்டுகிறது என்பது எனக்குப் பொழுதுபோக்குச் செய்தி அல்ல, அன்றன்றைய வியாபாரம்.

நெட்டுவதற்குக் காரணம் பசி இல்லை. வெளிச்சம் போதாமைதான். இதை எங்கள் குடிலில் ஒரே இரவில் கண்ணால் பார்க்கலாம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மக்கவைத்து உப்பு அலசிய தென்னைநார்க் கழிவு வருகிறது. அதைத் தொண்ணூற்றெட்டுக் குழித் தட்டில் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை வைத்து மூடுகிறோம். பிறகு தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் சுற்றி இருட்டிலேயே வைப்போம். முளைப்பதற்குத் தக்காளிக்கு வெளிச்சம் தேவையில்லை. ஈரமும் கதகதப்பும் போதும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, தாளை விலக்கிப் பார்த்தால் சில குழிகளில் மண் லேசாக விரிசல் விட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் வெள்ளையாக ஒரு கொக்கி, தலையை உள்ளேயே வைத்துக்கொண்டு முதுகை மட்டும் வெளியே காட்டும். அந்தக் கொக்கியைப் பார்த்த கணமே அடுக்கைப் பிரித்துத் தட்டுகளைப் பரப்பிவிட வேண்டும். சாயங்காலம் பார்த்துவிட்டு, இருட்டிவிட்டது, காலையில் பிரிக்கலாம் என்று ஆள்காரர் வீட்டுக்குப் போனால், காலையில் கொக்கி ஒரு விரற்கடை நீளத்துக்கு நீண்டு மேல்தட்டின் அடியில் முட்டி வளைந்து கிடக்கும். எந்த உரமும் போடாமல், ஒரே இரவில். அந்தத் தண்டு பிறகு எத்தனை வெயில் காட்டினாலும் குட்டையாவதில்லை.

அதற்குள்ளே நடப்பது இதுதான். விதைக்குள் இருக்கும் சேமிப்பு கொஞ்சம். மண்ணுக்கு அடியில் இருக்கிறோம் என்று நாற்று நம்புகிறவரை, இலைக்கும் வேருக்கும் செலவழிக்காமல் அத்தனையையும் தண்டிலேயே போட்டு மேலே ஏறப் பார்க்கும். கல்யாண வீட்டில் காசையெல்லாம் பந்தலுக்கே கொட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்பவரைப் போலத்தான் அந்த நாற்றும் நிற்கும். வெளிச்சம் பட்டவுடன் அதை உணரும் நிறமி ஒன்று இலையிலும் தண்டிலும் இருக்கிறது. பைட்டோகுரோம் என்று வேளாண் கல்லூரி மாணவர்கள் சொல்வார்கள். சிவப்பு வெளிச்சம் பட்டால் அது தண்டை நிறுத்தி இலையை விரிக்கச் சொல்கிறது. அக்கம்பக்கத்து இலைகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில், கண்ணுக்குத் தெரியாத தூரச் சிவப்புத்தான் அதிகமாக இருக்கும். அது பட்டால், பக்கத்தில் போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நாற்று மறுபடி ஓட ஆரம்பிக்கும். குழித்தட்டின் ஓரத்து நாற்றுகள் குட்டையாகவும் நடுவில் இருப்பவை உயரமாகவும் நிற்பது இதனால்தான். நடுவில் உரம் அதிகமாக விழுந்துவிட்டது என்று சொல்கிற நாற்றங்கால்காரர்களும் இருக்கிறார்கள். சொல்லட்டும்.

இப்போது தெற்கு ஜன்னலுக்கு வருகிறேன். இது எழுதியவரின் சொந்தச் சரக்கு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தெற்கு ஜன்னல் என்பது சரியான யோசனை. அங்கே ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் நிற்கும். நம் ஊர் அப்படியா? கோயம்புத்தூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரம் தொட்டு ஆவணி முதல் வாரம் வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகிறது. சந்தேகம் இருப்பவர்கள் ஆடியில் ஒரு நாள் மழைமேகம் விலகியபோது மதியம் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டுப் பார்க்கட்டும். நிழல் தெற்கே விழும். ஆக, ஆடிப் பட்டத்துக்கு நாற்று வளர்க்கிறவர் தெற்கு ஜன்னலில் தட்டை வைத்தால், நேர் வெயில் ஒரு துளிகூட உள்ளே வராது. அதற்காக வடக்கு ஜன்னலுக்கு ஓடவும் வேண்டாம். சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்பதால் ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடே அத்தனையையும் மறைத்துவிடும். ஆடியில் வீட்டுக்குள் வேலை செய்வது கிழக்கு ஜன்னல்தான். காலை ஏழு மணியிலிருந்து பத்து வரை சாய்வாக உள்ளே வருகிற வெயில், அதுவும் மேகம் இல்லாத நாளில். தெற்கு ஜன்னலை மார்கழி, தை மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது அது அருமையான இடம்.

ஆடி நமக்கு வெளிச்சம் குறைந்த மாதம் என்பதை நகரத்தில் இருப்பவர்கள் உணர்வதில்லை. ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் திறந்த வயலுக்குச் சொன்னார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் ஏறி வந்து, உடுமலையிலும் பொள்ளாச்சியிலும் நாள் முழுக்கச் சாரல் தூறிக்கொண்டிருக்கிற சமயம் இது. வெயில் காலத்துக்கென்று போட்ட ஐம்பது விழுக்காட்டு நிழல்வலை, ஆடியில் பாதி வெளிச்சத்திலும் பாதியைப் பறித்துவிடும். நான் காலையில் எழுந்ததும் முதலில் செய்வது மேகத்தைப் பார்த்து வலையைச் சுருட்டுவதுதான். பூச்சி வராமல் பக்கவாட்டில் கட்டியிருக்கும் வலையை மட்டும் தொடுவதில்லை. வெள்ளை ஈ உள்ளே வந்தால் இலைச்சுருட்டை நோய் பின்னாலேயே வரும்.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். நம் கண் பொல்லாதது. இருட்டுக்கு ஏற்பப் பாவையை விரித்துக்கொண்டு, அறை நன்றாகத்தானே இருக்கிறது என்று நம்பவைத்துவிடும். கைபேசியில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் செயலியை இறக்கிப் பாருங்கள். வெட்டவெளியில் நல்ல வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மேகம் மூடிய பகலிலும் பல ஆயிரங்கள் இருக்கும். விளக்குப் போட்ட கூடத்தில் இருநூறு, முந்நூறு காட்டும். மனிதர் பேப்பர் படிக்க அது போதும். தக்காளி நாற்றுக்கு அது இரவுதான்.

யூரியா விஷயத்தில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. வெளுத்து இருக்கிறது, ஆகையால் சத்துக் குறைவு என்பது வளர்ந்த செடிக்குச் சில நேரம் பொருந்தும். விதையிலை விரிந்து ஒரு வாரம் ஆன நாற்றுக்கு அது பொருந்தாது. வெளிச்சமில்லாத இடத்தில் தழைச்சத்தை ஊற்றினால் தண்டு இன்னும் மிருதுவாகி, இன்னும் நீளும். பெட்டிச் செய்தி சொன்ன அரைக் கரண்டி ஒரு சிறு தட்டின் வேரைக் கருக்கப் போதுமானது. அதோடு, சோர்ந்து சாய்கிற நாற்றைப் பார்த்தவுடன் வீட்டில் இருப்பவர்கள் செய்யும் முதல் காரியம் தண்ணீர் ஊற்றுவது. ஈரம் தங்கி, காற்றும் இல்லாமல் போனால் பித்தியம் என்ற பூசணம் தண்டின் அடியில் பிடித்துக்கொள்ளும். மண்மட்டத்தில் தண்டு தண்ணீர் கோத்ததுபோல் கறுத்துச் சுருங்கி, நாற்று ஒருபக்கமாகப் படுத்துவிடும். நாற்றழுகல் என்கிறோம். படுத்ததை எந்த மருந்தும் எழுப்பாது. வராமல் தடுக்க, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத் தூளைக் கலந்து விதைக்கும்படி வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்வார்கள். வீட்டில் ஒரு சிட்டிகை விதைக்கு அதே கணக்கில் கொஞ்சம் தூளைப் போட்டுக் குலுக்கினால் போதும். முதல் உண்மையான இலை விரிகிறவரை நாற்றுக்கு வெளிச் சத்து ஒன்றும் தேவையில்லை. பிறகு வேண்டுமானால், நீரில் கரையும் 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம் அளவில், வாரம் ஒரு முறை. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

நெட்டுவதற்கு நோயும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அது நெல்லில். கோபிப் பக்கத்து நெல் நாற்றங்காலில், வரிசைக்கு மேலே ஒன்றிரண்டு மட்டும் வெளிறி உயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். ஜப்பானியர்கள் அந்த நோயைத் துருவியபோது, 1926இல் குரோசாவா என்ற அறிஞர், பூசணம் சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் நாற்றை நீட்டுகிறது என்று காட்டினார். அதுவே பின்னாளில் ஜிப்பரெல்லின் என்று பெயர் பெற்றது. செடி தானாகவும் அதைச் சுரக்கிறது. இருட்டில் தண்டு நீள்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதைத் தெரிந்துகொண்ட சில நாற்றங்கால்களில், அந்தச் சுரப்பைக் கட்டும் மருந்தைத் தெளித்துத் தண்டைக் குட்டையாக்கி விற்கிறார்கள். தட்டில் பார்க்க லட்சணமாக இருக்கும். வயலுக்குப் போனபிறகு பதினைந்து நாள் அசையாமல் நிற்கும். விவசாயி நாற்று பிடிக்கவில்லை என்று என்னிடம் வந்து புலம்புவார். வலையைச் சுருட்ட ஆள் வைக்காமல் மருந்தடிப்பவர்களை என்ன சொல்வது?

எங்கள் பக்கம் நாற்று நெட்டுவதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. உங்கள் கட்டுரையாளருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. தக்காளி நாற்றை இருபத்தைந்து நாளில் நட்டுவிட வேண்டும். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலில் எந்த மண்டலத்துக்கு எப்போது தண்ணீர் என்பது முறை வைத்து வருவது. இந்த வாரம் விடுவார்கள் என்று நம்பி நாற்றுக்கு முன்பணம் கொடுத்தவர், தண்ணீர் தள்ளிப்போனால், "அக்கா, இன்னும் ஒரு வாரம் வைத்திருங்கள்" என்று கைபேசியில் சொல்வார். அந்த ஒரு வாரத்தில் இலையோடு இலை மூடிக்கொண்டு தட்டு முழுக்க ஓட ஆரம்பித்துவிடும். அப்போது தட்டுகளை நெருக்கமாக வைக்காமல் இடம்விட்டுப் பரப்புவது, தண்ணீரைக் குறைத்து வாடவிட்டு ஊற்றுவது, கடைசி நாட்களில் வெட்டவெளியில் வைத்துப் பழக்குவது என்று எதையெதையோ செய்து சமாளிக்கிறோம்.

காற்றுக்கு ஜன்னலைச் சாத்துங்கள் என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்ற ஊரில், அந்தக் காற்றை விலைக்கு விற்றுப் பூளவாடிப் பக்கமெல்லாம் காற்றாலை சுற்றுகிறது. நாற்றுக்கு அதே காற்று இலவச வைத்தியம். தண்டு அசைய அசைய நீள்வது குறைந்து பருக்கிறது. செடியைத் தொட்டுத் தடவினாலே இது நடக்கிறது என்று ஜாஃப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1973இல் எழுதினார். அவர் எழுதுவதற்கு முன்பும் என் மாமியார் காலையில் நாற்றங்கால் பாத்தியின் மேல் வேப்பங்குழையால் மெதுவாக நீவிக்கொண்டு போவார். பனி உதிரட்டும் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் எதுவானாலும் அந்தப் பாத்தியில் தண்டு தடிமனாக இருந்தது. வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் ஜன்னலைத் திறந்துவையுங்கள். காற்று வராத அறை என்றால் மேசை விசிறியைத் தூரத்தில், குறைந்த வேகத்தில், இலை லேசாக ஆடுகிற அளவுக்கு ஓடவிடுங்கள். போகும்போதும் வரும்போதும் உள்ளங்கையால் நுனியை ஒருமுறை நீவிவிடுங்கள். குச்சி கட்டினால் தண்டுக்குத் தன் காலில் நிற்க வேண்டிய அவசியமே போய்விடும். வளர்ந்து காய் பிடித்த தக்காளிக்குத்தான் குச்சி.

இனி விளக்கு. கட்டுரையின் கடைசி வரியில் 'ஆன்லைனில் கிடைக்கும் ஊதா நிற வளர்ப்பு விளக்குகளை நாடலாம்' என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார்கள். அதைப் பற்றி எனக்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம் என்று கடைசியில் கேட்டுக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

என் பேத்தி கோவை சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். கணினி வேலை. "அம்மிச்சி, இந்தத் தடவை நாற்று உங்களிடம் வாங்கப் போவதில்லை, நானே போடப் போகிறேன்" என்று சவால் விட்டாள். மகிழ்ச்சிதான். வெள்ளித் தாள் ஒட்டிய சின்னக் கூடாரம், ஊதா விளக்கு, நேரம் வைத்து அணைக்கும் கருவி எல்லாம் பெட்டியில் வந்து இறங்கின. இரவெல்லாம் பால்கனி ஊதாவாக ஜொலித்தது. எதிர்க் கட்டடத்தில் யாரோ ஒருவர் அதைப் படம் பிடித்துக் குடியிருப்போர் குழுவில் போட்டு, உள்ளே கஞ்சா வளர்க்கிறார்கள் என்று எழுதிவிட்டார். மறுநாள் சங்கத்துச் செயலாளர் காவலாளியைக் கூட்டிக்கொண்டு கதவைத் தட்டினார். அந்த நேரத்தில் நான் அங்கே இருந்தேன், அதனால் பேச்சு சீக்கிரம் முடிந்தது. தட்டைத் தூக்கி அவர் மூக்கருகில் நீட்டி, ஒரு விதையிலையைக் கசக்கிக் காட்டினேன். தக்காளி வாசம் தெரியாதவர் கொங்கு நாட்டில் பிறந்திருக்க முடியாது. அவரும் பல்லடத்துக்காரர்தான், வெட்கப்பட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் குழுவில் போட்டவர் இன்றுவரை மன்னிப்பு என்று ஒரு சொல் போடவில்லை.

அவர்களுடைய சந்தேகத்தில் ஒரு துளி நியாயம் இருந்தது என்பதைப் பெட்டியில் இருந்த துண்டுச் சீட்டைப் படித்தபின் பேத்தியே சொன்னாள். அந்தக் கூடாரமும் சீட்டில் இருந்த விளக்கு நேர அட்டவணையும் தக்காளிக்காகப் பிறந்தவை அல்ல. கனடாவில் 2018 அக்டோபர் முதல் வீட்டுக்கு நான்கு கஞ்சாச் செடி வரை வளர்க்க அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று. குளிர்நாடு, வீட்டுக்குள்தான் வளர்க்க வேண்டும். ஆகவே விளக்கு, கூடாரம், காற்றாடி என்று பெரிய சந்தையே உருவாகிவிட்டது. முதல்முறை வளர்ப்பவர் எல்லோருக்கும் அங்கேயும் இதே புகார்: நாற்று நூலாக நெட்டுகிறது, என்ன செய்வது. பதிலும் இதேதான்: விளக்கைக் கிட்டே கொண்டுவா, காற்றை ஓடவிடு, தண்டைக் கொஞ்சம் மண்ணில் புதைத்து நடு. இதுவரை நமக்கும் பொருந்தும். நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து ஆண்டு வரை சிறை. அதில் ஒரு செடி, இரண்டு செடி என்ற சலுகையெல்லாம் கிடையாது. செடியை நாம் இறக்குமதி செய்யவில்லை. அதன் அட்டவணையை மட்டும் இறக்குமதி செய்து தக்காளிக்கு மாட்டிவிடுகிறோம்.

சிக்கல் அங்கேதான். அந்தச் சீட்டில் நாளுக்குப் பதினெட்டு மணி நேரம், விரும்பினால் இருபத்து நான்கு மணி நேரமும் விளக்கு எரியட்டும் என்று இருந்தது. கஞ்சா, இரவு நீண்டால் பூக்கிற இனம். பூக்காமல் தழைக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் இரவைச் சுருக்குகிறார்கள். தக்காளிக்கு அந்தக் கணக்கே இல்லை. பகல் நீளம் எப்படியிருந்தாலும் வயதுக்கு வந்தால் பூக்கும். மாறாக, இரவே இல்லாமல் வெளிச்சம் கொடுத்தால் தக்காளி இலை மஞ்சள் பூத்துக் கெட்டுப்போகும். என் பேத்தியின் தட்டில் அது ஆரம்பித்திருந்தது. ஊதா வெளிச்சத்தில் எல்லா இலையும் கறுப்பாகத்தான் தெரியும் என்பதால் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. தட்டைக் கூடத்துக்கு எடுத்துவந்து வெள்ளை வெளிச்சத்தில் வைத்தபோதுதான் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் தெரிந்தது.

விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிழக்கு ஜன்னலும் இல்லாத வீடுகள் இருக்கின்றன. அவர்கள் மின்சாமான் கடையில் கிடைக்கும் நான்கு அடி எல்.இ.டி. குழல்விளக்கு, 20 வாட், வெள்ளை நிறம், 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருப்பதை இரண்டு வாங்கினால் போதும். சிவப்பும் நீலமும் அந்த வெள்ளைக்குள்ளேயே இருக்கின்றன. முக்கியம், கூரையில் மாட்டாதீர்கள். நாற்று நுனிக்கு ஒரு சாண் உயரத்துக்குள், கயிற்றில் தொங்கவிட்டு, நாற்று வளர வளர ஏற்றிக்கொண்டே போக வேண்டும். விளக்கு தள்ளிப்போகப் போக வெளிச்சம் நம் கண் நினைப்பதைவிட வேகமாகக் குறைந்துவிடும். எல்.இ.டி. அவ்வளவாகச் சூடாவதில்லை என்பதால் கிட்டே வைக்கத் தயங்க வேண்டாம். உள்ளங்கையை நுனி மட்டத்தில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், கை தாங்கினால் நாற்றும் தாங்கும். காலை ஆறு மணிக்குப் போட்டு இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் அணைத்துவிடுங்கள். செலவு என்று பயப்படுகிறவர்களுக்கு: இரண்டு விளக்கும் பதினாறு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குகூட ஆகாது. இருபத்தைந்து நாளைக்குப் பதினாறு யூனிட். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் அரசு இலவசமாகக் கொடுப்பதில் பலருக்கு அது அடங்கிப் போகும்.

இன்னொரு சங்கதி, குளிர்பதனப் பெட்டியின் தலையில் தட்டை வைக்கும் பழக்கம். முளைக்கிறவரை அது நல்ல இடம், கதகதப்பு இருக்கும். கொக்கி தெரிந்த அன்றே இறக்கிவிட வேண்டும். சூடும் இருட்டும் சேர்ந்தால் தண்டு ஓடுவதற்கு அதைவிடத் தோதான இடம் வீட்டில் கிடையாது.

ஏற்கெனவே நெட்டிப்போனதை என்ன செய்வது என்று கேட்டு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செடியைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். தக்காளியாக இருந்தால் கவலை குறைவு. அதன் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். கொஞ்சம் பெரிய பையிலோ தம்ளரிலோ மாற்றும்போது, விதையிலைக்குக் கீழே வரை தண்டைப் புதைத்துவிடுங்கள். ரொம்ப நீளம் என்றால் தண்டைச் சாய்வாகப் படுக்கவைத்து நுனியை மட்டும் மேலே விடலாம். இரண்டொரு நாளில் நுனி தானாக நிமிர்ந்துவிடும். தூக்கும்போது தண்டைப் பிடிக்காதீர்கள், இலையைப் பிடியுங்கள். இலை ஒன்று போனால் வேறு வரும், தண்டு நசுங்கினால் கதை முடிந்தது. மாற்றியவுடன் நேர் வெயிலில் வைக்காமல் மூன்று நான்கு நாள் காலை வெயிலை மட்டும் காட்டிப் பழக்குங்கள். வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு மதிய வெயில் பட்டால் காகிதமாக வெளுத்துவிடும்.

மிளகாய்க்கும் கத்தரிக்கும் இந்தத் தாராளம் கிடையாது. தண்டில் வேர் விடுவதில் அவை தக்காளிக்கு ஈடில்லை. ஆழப் புதைத்தால் ஈரத்தில் அழுகும் பயமே அதிகம். விதையிலைக்கு ஓரளவு கீழே வரை மண்ணை அணைத்து, விளக்கையோ வெயிலையோ கிட்டே கொண்டுவந்து பாருங்கள். அடுத்து வரும் கணுக்கள் நெருக்கமாக வந்தால் நாற்று பிழைத்துவிட்டது. வரவில்லை என்றால் மண்ணில் கொட்டிவிட்டு வேறு விதை போடுங்கள். இரக்கப்பட்டு வைத்திருந்த மிளகாய் நாற்று, நட்டபிறகும் தேறாமல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன். பப்பாளியை எக்காரணம் கொண்டும் ஆழப் புதைக்காதீர்கள், தண்டு அழுகிவிடும். ஒட்டுக் கட்டிய கத்தரி நாற்று வாங்கியிருந்தால் ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். புதைந்தால் மேல்பாதி தனக்கென்று வேர் விட்டுக்கொள்ளும், ஒட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லையென்றால் ஜப்பான்காரரை வெட்டிவிடுங்கள். தெற்கு ஜன்னலையும் யூரியாவையும் மட்டும் வெட்டாதீர்கள். இந்தப் பட்டத்தில் நாற்றுக் கெட்டுப்போனவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. தக்காளி, மிளகாயை ஆடி கடைசி வரை மறுபடி விதைக்கலாம். தக்காளி நாற்று ஆவணி இறுதிக்குள் நடவுக்கு வந்துவிடும். மிளகாய்க்கு நாற்பது நாள் ஆகும் என்பதால் அதை முதலில் போடுங்கள்.

பெயரை வெளியிட வேண்டாம். பேத்தி அந்தக் குடியிருப்பில் இன்னும் வாடகைக்கு இருக்க வேண்டியவள்.

இப்படிக்கு,
குழித்தட்டு நாற்றங்கால்காரி,
உடுமலைப்பேட்டை வட்டம், திருப்பூர் மாவட்டம்.